பதினைந்தாவது தீக்குச்சி வரை

நீடாமங்கலத்தில் மன்னார்குடி ரோட்டில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் மிக்கேல்ராஜுக்குத் திக்குவாய். வயது முப்பத்தொன்று. வேலையில் சுத்தம், ஆளும் சுத்தம். பேச்சு மட்டும் நடுவழியில் நின்றுவிடும். நின்றால் உதவிக்கு ஆள் ஓடி வந்துவிடுவார்கள், அதுதான் அவனுடைய கஷ்டமே. வார்த்தை தொண்டையிலிருந்து கிளம்பி உதட்டுக்கு வருவதற்குள் எதிரே நிற்பவர் அதை முடித்துக் கையில் கொடுத்துவிடுவார். பாதி நேரம் அது அவன் சொல்ல வந்ததாகவும் இருக்காது. மற்றவர்கள் வீடு, கார் என்று ஆசைப்படுகிற வயதில் அவன் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஆரம்பித்ததைத் தானே முடிக்க வேண்டும்.

பூவனூரில் ஐந்து மா நிலத்தில் சாகுபடி செய்யும் பஞ்சநதம் ஒரு தடவை மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மிக்கேல்ராஜ் மீட்டர் வைத்துப் பார்த்தான். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. வயலில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியில்தான் ஏதோ கருகியிருக்க வேண்டும். அதைச் சொல்ல "மோட்டார்ல" என்று ஆரம்பித்தான்.

"காயில் எரிஞ்சிருக்கும், எனக்குத் தெரியாதா? கட்டி வைப்பா, நாளைக்கு வரேன்" என்று அவர் கிளம்பிவிட்டார்.

இவனே மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போய், ஸ்டார்ட்டரைச் சரிசெய்து, மோட்டாரையும் மாட்டிவிட்டு வந்தான். மறுநாள் பஞ்சநதம் கடைத்தெரு முழுக்கச் சொன்னார். "மிக்கேல் மாதிரி ஆளு உண்டா? ஒரே பொழுதுல காயில் கட்டி, கொண்டாந்து மாட்டியும் விட்டுட்டான்." காயில் கட்டவே இல்லை என்று சொல்ல இவன் மூன்று தடவை முயன்றான். மூன்று தடவையும் பாராட்டுதான் கிடைத்தது.

டீக்கடையிலும் இதே கதை. அவனுக்குக் காபி என்றால் உயிர். ஆனால் 'கா'வில் வண்டி நின்றுவிடும். டீ சட்டென்று வரும். ஆகவே அந்தக் காபிப் பிரியன் பன்னிரண்டு வருஷமாக டீ குடித்துக்கொண்டிருந்தான். காயில் கட்டுகிறவனுக்கு 'கா' வராது என்றால் அதை என்னவென்று சொல்வது.

வீட்டில் அம்மா அமலோற்பவம். அங்கன்வாடியில் உதவியாளர். மகன் மூன்று வயதில் முதன்முதலாகத் திக்கிய நாளிலிருந்து அவனுடைய வாக்கியங்களை அவள்தான் முடித்து வைக்கிறாள். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், கோயில் வாசலில், எங்கும் அவன் வாயைத் திறந்தால் அவள் பேசுவாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிரியத்தில் செய்தாள். பிள்ளை நாலு பேர் முன்னால் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? மிக்கேல்ராஜுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் இருபத்தெட்டு வருஷமாக அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தான்.

கொரோனா சமயத்தில் கடை மூடிக் கிடந்தபோது போனில் ஒரு ஆட்டம் கண்ணில் பட்டது. 'எம்பர்ஹோல்ட்' என்று பெயர். சீட்டாட்டம்தான், ஆனால் காசு கிடையாது. எங்கோ இருக்கிற முகம் தெரியாத ஒருவரோடு ஆட வேண்டும். ஆளுக்கு முப்பது சீட்டுள்ள ஒரு கட்டு, ஆளுக்கு முப்பது உயிர். முறை வைத்து மாறி மாறி ஆடி, எதிராளியின் உயிரைப் பூஜ்யமாக்கினால் ஜெயம். அவனை அதில் கட்டிப்போட்டது வேறொன்று. அந்த ஆட்டத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. வணக்கம், நன்றி, நன்றாக ஆடினீர்கள், மன்னிக்கவும், அடடா, ஜாக்கிரதை என்று ஆறே ஆறு பொத்தான்கள். தட்டினால் திக்காமல் வரும். உலகத்தில் எல்லோருக்கும் அவனுக்கு இருக்கும் அளவே பேச்சு இருந்த இடம் அது ஒன்றுதான்.

அவன் வைத்திருந்த கட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிலர் முதல் முறையிலிருந்தே அடிக்கிற கட்டு வைத்திருப்பார்கள். இவனுடையது ஒன்பது முறை வரைக்கும் யாரையும் தொடாது. வருகிற அடியைச் சுவர் வைத்துத் தடுக்கும், மருந்து போட்டுக்கொள்ளும், மேலும் மேலும் சீட்டெடுத்துக் கையில் சேர்த்துக்கொள்ளும். பத்தாவது முறையில் ஒரே மூச்சில் எதிராளியின் முப்பது உயிரையும் முடிக்கும். 'ஒன் டர்ன் கில்' என்பார்கள் ஆடுகிறவர்கள்.

வித்தை மூன்றே சீட்டில் இருந்தது. கண்ணாடிக்காரி மேசையில் நின்றால், கடைசியாகச் செலவழித்த சீட்டை அவளைத் தட்டித் திரும்பக் கைக்கு வாங்கலாம். மணிக்காரன் மேசையில் நின்றால், அந்த ஒரு முறைக்கு எந்தச் சீட்டுக்கும் விலை கிடையாது. மூன்றாவது, தீக்குச்சி. கொளுத்தினால் எதிராளிக்கு இரண்டு உயிர் போகும். மூவரும் கையில் சேர்ந்து, அந்த இருவரையும் இறக்கும் விலைக்குப் பலம் சேரும் பத்தாவது முறையும் வந்துவிட்டால், கண்ணாடிக்காரியை இறக்கு, மணிக்காரனை இறக்கு, குச்சியைக் கொளுத்து, கண்ணாடிக்காரியைத் தட்டு, குச்சி கைக்கு வரும், மறுபடி கொளுத்து. இப்படிப் பதினைந்து தடவை. இதற்கு ஆட்டம் கொடுக்கும் நேரம் எழுபது வினாடி. கட்டிலேயே தீக்குச்சி ஒன்றுதான். அவசரப்பட்டு ஒரு தடவை கண்ணாடிக்காரியைத் தட்ட மறந்து வேறு சீட்டை இறக்கினால் குச்சி போச்சு, ஆட்டமும் போச்சு.

இந்த வரிசை கைக்குப் படிய நாலு மாதம் ஆயிற்று. காயில் சுற்றுகிறவன் கைக்கு எண்ணிக்கை தப்பாது. ஐம்பத்திரண்டு சுற்றென்றால் ஐம்பத்திரண்டுதான். அந்தக் கை இதையும் கற்றுக்கொண்டது. ஜெயிக்கவும் ஆரம்பித்தான்.

ஆனால் பாருங்கள், அங்கேயும் விதி விடவில்லை. மூன்றாவது குச்சி, மிஞ்சிப் போனால் நாலாவது. அதற்குள் எதிராளிக்கு விஷயம் புரிந்துவிடும். தோற்கப் போகிற ஆட்டத்தில் எதற்கு உட்கார்ந்திருப்பது என்று வெள்ளைக் கொடியைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். 'வெற்றி' என்று திரை மின்னும். இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தான். ஒன்றில்கூடப் பதினைந்தாவது குச்சியைக் கொளுத்தியதில்லை. ஜெயித்தாயிற்று, அப்புறம் என்ன என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இங்கேயும் நடுவிலேயே முடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்களே என்று அவனுக்கு இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், புரட்டாசியில் ஒரு நாள் மத்தியானம். கரன்ட் இல்லை. வார்னிஷ் காயாத இரண்டு மோட்டார் வெயிலில் கிடந்தன. கடை நாற்காலியில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் தொடங்கினான். எதிராளியின் பெயர் 'கும்மோணம்காரி'. தமிழ் எழுத்திலேயே இருந்தது. பக்கத்து ஊர் ஆளா என்று ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள் அடி விழுந்தது. அவள் வைத்திருந்தது எலிக்கட்டு. முதல் முறையிலேயே இரண்டு எலி, அடுத்த முறையில் நாலு. வயலில் எலி புகுந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரைக் கடித்தன, மருந்தைக் கடித்தன, ஒன்பதாவது முறை முடிந்தபோது அவனிடம் பாக்கி இருந்தது இரண்டே உயிர். அவளுக்கு முப்பதும் அப்படியே இருந்தது. பத்தாவது முறைக்குச் சீட்டெடுத்தான். மணிக்காரன் வந்தான். மற்ற இருவரும் ஏற்கெனவே கையில் இருந்தார்கள்.

கண்ணாடிக்காரியை இறக்கினான், மணிக்காரனை இறக்கினான், குச்சியைக் கொளுத்தினான். இரண்டு, மூன்று, நாலு. இப்போது கொடி விழும் என்று காத்திருந்தான். விழவில்லை. ஐந்து, ஆறு. நெட் போய்விட்டதோ என்று பார்த்தான், இருந்தது. ஏழு, எட்டு. இதுவரை போகாத ஊருக்குப் பஸ் ஏறியவன் கதிதான். நாலுக்கு மேல் எப்படியிருக்கும் என்று அவனுக்கே தெரியாது. பதினொன்று, பன்னிரண்டு. நேரம் முடியப் போகிறதென்று திரையில் திரி எரிய ஆரம்பித்தது. பதிமூன்று. பதினான்கு. கண்ணாடிக்காரியைத் தட்டினான். பதினைந்து.

எதிராளியின் உயிர் பூஜ்யம். வெற்றி மின்னுவதற்கு முன் அந்தப் பக்கத்திலிருந்து 'நன்றாக ஆடினீர்கள்' என்று வந்தது. மிக்கேல்ராஜ் நன்றி என்ற பொத்தானை மூன்று தடவை தட்டினான். திரை மாறிவிட்டது, மூன்றில் எது போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. கடைக்கு வெளியே போய்ச் சும்மா வெயிலில் நின்றான். இப்போதும் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும்.

ஆட்டத்தில் பேசத்தான் முடியாதே தவிர, முடிந்த பிறகு இருவரும் சம்மதித்தால் எழுத்தில் அரட்டை அடிக்கலாம். அவன் அழைப்பு அனுப்பினான், அவள் ஏற்றுக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் இருந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. இதுவரைக்கும் யாரும் இருந்ததில்ல" என்று எழுதினான்.

பதில் வந்தது. "உண்மையச் சொல்லிடுறேன். நான் டவுன் பஸ்ல இருந்தேன். நீங்க குச்சியக் கொளுத்துற நேரம் பாத்து மடியில ஒரு கைப்புள்ள, ரெண்டு டிபன் பை, ஒரு பூக்கூடை. போன் பைக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. திரை தெரியுது, கை போகல."

நம் டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவருக்கு அந்தப் பாக்கியம் சும்மா வருவதில்லை. நிற்கிறவர்களுடைய பைகளும் பிள்ளைகளும் அவர் மடிக்குத்தான் வரும். யாரும் கேட்பதில்லை, வைத்துவிடுவார்கள். மிக்கேல்ராஜின் முதல் பதினைந்து குச்சிக்கு யாரோ ஒரு புண்ணியவதியின் கைக்குழந்தைதான் காரணம்.

அவனுக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. அதற்குள் அடுத்த வரி வந்தது. "ஆனா பதிமூணாவது குச்சியில அந்தம்மா எறங்குறப்ப புள்ளைய வாங்கிக்கிட்டாங்க. அப்பவே கொடியத் தட்டியிருக்கலாம். இவ்வளவு நேரம் பாத்துட்டு ரெண்டு குச்சிக்காக எதுக்குப் போகணும்னு இருந்துட்டேன். அழகா இருந்துச்சு."

அந்த இரண்டு குச்சிக்குத்தான் அவன் இன்றைக்கும் நன்றி சொல்கிறான். பதிமூன்று பஸ் கொடுத்தது, இரண்டு அவள் கொடுத்தது என்பது அவன் கணக்கு.

அவள் பெயர் ஃபிளோரா. கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் இருக்கிறாள். ஒரு நாளைக்கு நூற்றிருபது பேரின் பெயரைக் கூவி அழைக்க வேண்டிய வேலை. வாய் ஓயாத பெண். அவள் கட்டு எலிக்கட்டாக இருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தினமும் அரட்டை நீண்டது. எழுத்தில் மிக்கேல்ராஜ் வேறு ஆள். பஞ்சநதத்தின் கதையை எழுதினான், அவள் பஸ்ஸில் தனியாகச் சிரித்துப் பக்கத்து சீட்டுக்காரியிடம் முறைப்பு வாங்கினாள். ஐந்து மாதம் கழித்து, போன் பண்ணவா என்று கேட்டாள். வேலை இருக்கிறது என்றான். அடுத்த வாரம் கேட்டாள். தலைவலி என்றான். மூன்றாவது தடவை உண்மையை எழுதிவிட்டான். "எனக்குத் திக்கும். போன்ல இன்னும் மோசம். பேச்சுக்கு நடுவுல ரொம்ப நேரம் நின்னுடும்."

"நின்னா என்ன? நெட்வொர்க் போச்சுன்னு கட் பண்ணாம இருக்கணும், அவ்வளவுதானே" என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு பேசினார்கள். 'ஃபிளோரா' என்ற பெயரிலேயே அவன் நின்றுபோனான். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம், காகம், யாரோ துணி துவைக்கும் சத்தம்.  அவள் இருக்கிறாள் என்பதற்கு அடையாளமாக மூச்சு மட்டும் கேட்டது. பெயர் வந்தது. அன்றைக்கு அவன் மொத்தம் பதினோரு வாக்கியம் பேசினான். பதினொன்றையும் அவனேதான் முடித்தான்.

அவள் ஒன்றும் புனிதவதி இல்லை. இரண்டாவது வாரமே ஆர்வத்தில் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டாள். இவன் பட்டென்று போனை வைத்துவிட்டான். உடனே எழுத்து வந்தது. "தப்புதான். வாய் முந்திக்கிச்சு. இனிமே நாக்கைக் கடிச்சுக்குறேன்."

"ரொம்பக் கடிச்சுக்காதீங்க. நாளைக்கு நூத்திருபது பேரக் கூப்பிடணும்" என்று எழுதினான்.

கல்யாணப் பேச்சு ஆரம்பித்தது ஃபிளோரா வீட்டில்தான். அப்பா கும்பகோணத்துக்குக் கிழக்கே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், நாலு கேள்வி கேட்காமல் நாற்றுக்கூட வாங்காத மனிதர். மிக்கேல்ராஜும் அமலோற்பவமும் போய் உட்கார்ந்ததும் அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி போன்ல சீட்டாடுறதா கேள்விப்பட்டேன்."

ரம்மியில் குடும்பம் தொலைத்தவர்கள் கதை ஊரெல்லாம் கிடக்கிறது, பெண்ணைப் பெற்றவர் கேட்காமல் இருப்பாரா? மிக்கேல்ராஜ் வாயைத் திறந்தான். அமலோற்பவம் முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, இவன்" என்றாள்.

உள்ளிருந்து காபித் தட்டோடு வந்த ஃபிளோரா, "அத்தை, அவங்க சொல்ல வந்தாங்க. சொல்லட்டும்" என்றாள். பிறகு அப்பாவிடம், "நானும் அதேதான்ப்பா ஆடுறேன், நாலு வருஷமா" என்றாள். அப்பாவுக்கு எந்த அதிர்ச்சியை முதலில் அனுபவிப்பது என்று தெரியவில்லை.

பேசாமல் ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் போட்டுக்கொண்டு மிக்கேல்ராஜைப் பார்த்தார். வாயில் வெற்றிலை இருந்ததால் குறுக்கே பேச முடியவில்லை. மிக்கேல்ராஜ் சொல்லி முடித்தான். "காசு வச்சு ஆடுறதில்லீங்க. இதுல தோத்தா ஒண்ணும் போகாது. மறுபடி ஆடலாம்." இவ்வளவுதான். ஒன்றரை நிமிடம் ஆயிற்று. அவர் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, "காபி ஆறுது, எடுத்துக்குங்க" என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து அறிவிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் பங்குச் சாமியார் முன்னால் போய் மந்திரம் சொல்ல வேண்டும். செபங்களும் கட்டளைகளும் வரிசையாகக் கேட்பார். இன்ஜினியரிங் படித்து முடித்தவர்களுக்கே அன்றைக்குப் பாதி மறந்துபோகும். மிக்கேல்ராஜ் ஆடிப்போய்த்தான் போனான். சாமியார் நல்லவர். "ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க" என்றார். சேர்ந்து சொன்னால் திக்காது என்பது திக்குகிறவர்களுக்குத் தெரியும். கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து செபிக்கும்போது அவனுக்கு எப்போதும் தடங்கல் வந்ததில்லை. தங்குதடையில்லாமல் சொல்லி முடித்தான். ஃபிளோராதான் ஒரு கட்டளையை விட்டுவிட்டாள்.

அதன் பிறகு சாமியார் கேட்டார். "கல்யாணத்தன்னைக்கு வாக்குறுதி தனியா சொல்லணுமேப்பா. கஷ்டமா இருந்தா நான் கேள்வியா கேக்குறேன். நீ 'ஆம்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதுவும் முறைதான்."

அமலோற்பவத்துக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "புண்ணியமாப் போகும் சாமி" என்றாள். ஃபிளோராவின் அப்பாவும் தலையாட்டினார். எல்லோருக்கும் நிம்மதி. மிக்கேல்ராஜும் சிரித்தான். அவனுக்குப் பழக்கமான சிரிப்புதான் அது. பஞ்சநதத்திடமும் அப்படித்தான் சிரித்தான்.

பஸ் நிறுத்தத்தில் பெரியவர்கள் தள்ளி நின்றபோது ஃபிளோரா கேட்டாள். "உங்களுக்கு எப்படி வேணும்?"

அவன் ரோட்டைப் பார்த்தான். ஒரு பஸ் வந்து, ஆள் ஏற்றி, போயிற்று. "முழுசா சொல்லணும். கூட யாரும் சொல்லாம."

அவள் திரும்பி நடந்து சாமியார் வீட்டுக்கே போனாள். சாமியார் யோசித்தார். "கோயில்ல முன்னூறு பேர் இருப்பாங்கம்மா. பையன் கூச்சப்படுவான். பதினொன்னரைக்கு அடுத்த கல்யாணம் வேற இருக்கு."

"பதினொன்னரை வரைக்கும் நேரம் இருக்குல்ல ஃபாதர்" என்றாள்.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். அந்த மூன்று வாரமும் மிக்கேல்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் யாரும் இல்லாதபோது மோட்டார்களிடம் சொல்லிப் பார்த்தான். தனியாக இருந்தால் மழை போல வரும். மோட்டார்களுக்கு அவன் கொடுத்த வாக்குறுதிகளைப் பார்த்தால் ஊரில் ஒரு டஜன் மோட்டாருக்கு அவன் புருஷனாகியிருக்க வேண்டும். ஆனால் பஞ்சநதத்தின் வண்டிச் சத்தம் கேட்டாலே வாய் கட்டிக்கொள்ளும். முழுசாக வேண்டும் என்று கேட்டு வாங்கியவன் அவன்தான். முன்னூறு பேர் முன்னால் நின்றுபோனால், யாராவது எடுத்துக் கொடுத்தால், பெண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கே இன்னொருவர் முடித்து வைத்ததாகிவிடும்.  ஆட்டத்தில் தோற்றால் மறுபடி ஆடலாம் என்று மாமனாரிடம் சொன்னான். இதற்கு மறு ஆட்டம் கிடையாது.

தை மாதம், அறுவடை முடிந்து மோட்டார்கள் ஓயும் நேரத்தில் கல்யாணம். கோயில் நிறைந்திருந்தது. பஞ்சநதம் புது வேட்டியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். இருவரும் பீடத்துக்கு முன்னால் வலது கை கோத்து நின்றார்கள். சாமியார் மைக்கை மிக்கேல்ராஜ் பக்கம் திருப்பினார்.

"நான்" என்றான். அது வந்தது. அடுத்தது அவனுடைய சொந்தப் பெயர். எல்லா வார்த்தையிலும் கடினமானது அதுதான், ஏனென்றால் பெயருக்கு மாற்று வார்த்தை கிடையாது. உதடு ஒட்டிக்கொண்டது. கோயிலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. வீடியோக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. மூன்றாவது வரிசையில் பஞ்சநதம், "மிக்" என்று ஆரம்பித்தார், பாவம், பழக்கம். முதல் வரிசையிலிருந்து அமலோற்பவம் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார். பிறகு அவள் தன் முந்தானையை எடுத்துத் தன் வாயையே பொத்திக்கொண்டாள். பொத்தியது பொத்தியபடி கடைசி வரைக்கும் இருந்தாள். இருபத்தெட்டு வருஷம் மகனுக்காகப் பேசிய வாய்க்கு அது எவ்வளவு பெரிய வேலை என்பது அவளுக்குத்தான் தெரியும். மகனும் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தான். அம்மாவுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் அந்த ஒரு முந்தானைக்கு ஈடாகாது என்று பிற்பாடு ஃபிளோராவிடம் சொன்னான்.

பெயர் வந்தது. ஃபிளோராவின் பெயரில் மறுபடி நின்றது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல். கையை அழுத்தவும் இல்லை, தலையாட்டவும் இல்லை.  அவள் பெயரும் வந்தது. மனைவியாக ஏற்பதும், சுகத்திலும் துக்கத்திலும் கூட இருப்பதும், வாழ்நாளெல்லாம் நேசிப்பதும் ஒவ்வொன்றாக, திக்கி, நின்று, மூச்செடுத்து, மறுபடி கிளம்பி, கடைசி வார்த்தை வரைக்கும் வந்து சேர்ந்தன. பத்து நிமிடம் ஆனதாகப் பஞ்சநதம் சொல்வார். வீடியோவில் பார்த்தால் இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. யாரும் ஒரு எழுத்துகூட எடுத்துக் கொடுக்கவில்லை. மிக்கேல்ராஜுக்குச் சட்டை முழுக்க வியர்வை. அவன் அப்படி ஒரு லேசான உடம்போடு அதுவரை நின்றதில்லை.

மைக் ஃபிளோரா பக்கம் திரும்பியது.

"நான்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. ஒரு நாளைக்கு நூற்றிருபது பேரைக் கூவி அழைக்கிற தொண்டை அழுகையில் அடைத்துக்கொண்டது. மறுபடி வாயைத் திறந்தாள், மூச்சுதான் வந்தது.  அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கச் சாமியார் மைக்குக்குக் குனிந்தார். மிக்கேல்ராஜ் அவரைப் பார்த்து வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தான்.

அவனுக்கு அந்த வார்த்தை தெரியும். அதற்கடுத்ததும், கடைசி வரைக்கும் அத்தனையும் தெரியும். அந்த நிமிடத்தில் சொல்லியிருந்தால் ஒன்றுகூடத் திக்கியிருக்காது. முப்பத்தொரு வருஷத்தில் அவனுக்கு முன்னால் இன்னொருவர் வார்த்தை வராமல் நின்றது அதுவே முதல் தடவை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்தபடி, அவள் முகத்தைப் பார்த்தபடி, அவளே சொல்லி முடிக்கும்வரை நின்றான்.